டாக்டர் நாச்சிமுத்து

நொய்யலில் கலக்கும் சாயக்கழிவு பற்றி முனைவர் பட்டம் முடித்த நான், மேற்கொண்டு ஆய்வு செய்ய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒரு மாலை, 'டாக்டர் நாச்சிமுத்து, நாளை உங்களுக்கு ஆன்லைன் நேர்காணல்' என்று மின்னஞ்சல் வந்தது. என் பெயர் கவிதா. நாச்சிமுத்து என் அப்பா. சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறார். யார் அனுப்பியது என்றுகூடப் பார்க்காமல், ஏதோ மோசடி என்று அழித்துவிட்டேன்.

சாப்பிடும்போது, "அப்பா, உங்களுக்கு டாக்டர் பட்டமே குடுத்துப்போட்டாங்க" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஏங்கண்ணு, உன்ற பாஸ்போர்ட்டுல குடும்பப் பேருன்னு என்ற பேருதான இருக்குது?" என்றார்.

விண்ணப்பத்திலும் அப்படியேதான் போட்டிருந்தேன். அழித்த மின்னஞ்சல் நல்லவேளையாக டிராஷில் கிடந்தது. நேர்காணலும் முடிந்து, இடமும் கிடைத்துவிட்டது. இப்போதெல்லாம் வாசலில் யாராவது "நாச்சிமுத்து" என்று கூப்பிட்டால், அப்பாவுக்கு முன்னால் நான் போய் நிற்கிறேன்.