கெல்வின் போடும் கட்டை

கெல்வின் புரௌஸுக்கு காரில் மாட்டி இழுத்துவரும் வீட்டு வண்டிகள் நிற்கும் எங்கள் கேரவன் பார்க்கில் பெயர் 'கட்டைக் கிழவன்'. ஆற்றை நோக்கிச் சரிகிற இந்த மேட்டில் புதிதாக ஒரு வண்டி வந்து நின்றால் போதும், சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க மரத்தில் அறுத்த நான்கு ஆப்புக் கட்டைகளைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போய் நிற்பான்.

"ஹேண்ட் பிரேக் போட்டாச்சு தாத்தா" என்று சிட்னிக்காரர்கள் பல்லைக் காட்டுவார்கள்.

"பிரேக்கை நம்பி உன் பொண்டாட்டிய அதுக்குப் பின்னாடி உக்கார வைப்பியா? முதல்ல கட்டை, அப்புறம்தான் கொக்கியக் கழட்டணும்."

சிரித்தவர்களை ஓங்கி அறையத் தோன்றும் எனக்கு. அதற்கு யோக்கியதை இல்லாதவன் நான் என்பதால் பேசாமல் இருப்பேன்.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் கெல்வின். ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் பட்டதில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, கேரவன் வாங்கி, மனைவி நோரீனோடு கிளம்பிவிட்டான். எங்கே நிறுத்தினாலும் ஒரே முறைதான். நோரீன் மண்டியிட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, "போட்டாச்சு!" என்று கத்துவாள். அது காதில் விழுந்த பிறகே இவன் கேரவனைக் காரிலிருந்து கழற்றுவான். கொக்கியில் கை வைத்திருப்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. எங்களைப் போல ஊர் சுற்றுகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் அவர்கள் வண்டி என் பக்கத்து இடத்தில் வந்து நின்றது. பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷத்தில், இரண்டு பீர் கேன்களைத் தூக்கிக் காட்டி, "டேய் கெல்வின்! நீ இன்னும் சாகலையா?" என்று கூவினேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கை தன் பாட்டுக்குக் கொக்கியை விடுவித்தது. இழுத்து வைத்திருந்த பிரேக் பிடிக்கவில்லை. நோரீன் முதல் கட்டையோடு சக்கரத்துக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் மண்டியிட்டிருந்தாள். வண்டி இரண்டு டன்.

போலீஸிடம் "என் கவனக்குறைவு" என்று மட்டும் சொன்னான் கெல்வின். நான் பீர் கேன்களைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒன்றும் பார்க்காதவன் போல நின்றேன். கோழைத்தனம்தான்.

அடக்கம் முடிந்ததும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தான். அதன் பிறகு கேரவனை நகர்த்தவேயில்லை. சேர்ந்து டீ குடித்தோம், மீன் பிடித்தோம். அதை மட்டும் பேசவில்லை. நான் கூப்பிட்டதை அவன் மறந்திருப்பான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அவன் மகள் வந்தாள். நுரையீரல் கெட்டுவிட்டது, முதியோர் இல்லத்துக்குப் போகிறான். கேரவனைத் தன் காரில் மாட்டிவிட்டு அவள் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள். கெல்வின் கம்பை ஊன்றிக் கொக்கியருகே நின்றான்.

"லின்ட்சே, கட்டைய நீ எடு."

நோரீன் மண்டியிட்ட இடத்தில் மண்டியிட்டேன்.

"அன்னிக்கு நான் உன்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதுடா."

"ஆறு வருஷமாச்சா இதைச் சொல்ல?" என்றான். "போலீஸ்கிட்ட உன் பேரைச் சொல்லாம விட்டது இரக்கப்பட்டு இல்ல. நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். பக்கத்துலயேதானே இருந்தேன்."

"மன்னிச்சுடுடா."

"கட்டைய எடு."

மண்ணில் புதைந்திருந்தது. சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வந்தது. நான்கையும் எடுத்துவிட்டு எழுந்தேன். கெல்வின் மகளை நோக்கிக் கையை உயர்த்தியபடியே நின்றான். நான் "எடுத்தாச்சு" என்று கத்தும்வரை அவளைக் கிளம்ப விடவில்லை.