அப்பா என்று கேட்டது

கொரியர்கள் இறைச்சியைக் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் நாங்கள் வீடு வாங்கிய முதல் கோடையில் அதைக் கண்டு திகைத்துப்போனேன். பின்வளவு வேலிக்கு அப்பால் ஒரு கொரியக் குடும்பம்: கணவன், மனைவி, நாலு வயது மகள். சனிக்கிழமைகளில் வெளிமேசையில் சிறிய காஸ் அடுப்பை வைத்து, அதன்மேல் சரிவான இரும்புத் தட்டைப் போட்டு, பன்றி வயிற்றிறைச்சி வாட்டுவார்கள். எங்களையும் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம். முதல் தடவை வெறும் இறைச்சி. நல்லெண்ணெயும் உப்பும் கலந்து தொட்டுக்கொண்டோம். அடுத்த தடவை மிளகாய் விழுதில் ஊறியது. "இது எங்கட ஆக்களுக்கெண்டே செய்தது" என்று என் கணவர் வளைத்துக் கட்டினார். மூன்றாவது தடவை, நன்றாகப் புளித்த கிம்ச்சி ஊறுகாயைத் தட்டின் கீழ்ப்பக்கத்தில் பரப்பி, மேலிருந்து வடியும் கொழுப்பிலேயே வதக்கினார்கள். இறைச்சியைச் சலாது இலையில் சுற்றித்தான் சாப்பிடுவார்கள்; நான் இரண்டு துண்டுக்கு மேல் சுற்றியதில்லை. அந்தக் கொழுப்பைக் கண்டாலே எனக்குப் பயம். அது அடுப்பில் சொட்டினால் சுவாலை எழும்பும். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி.

அந்தச் சின்னவள் தகப்பனை "அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். முதல்நாள் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. அதன்பிறகு ஏதோ கொரிய மொழியில் பாதி எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் திரிந்தேன். அந்த நினைப்புத்தான் வினையாக முடிந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, காஸ் தீரப்போகிறது என்று தகப்பன் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். என் கணவர் எங்கள் வீட்டிலிருந்து உட்காரக் கதிரை எடுத்துவரப் போயிருந்தார். தாய் சோறு எடுக்க உள்ளே போகும்போது, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. பிள்ளையையும் நெருப்பையும் சேர்த்து என்னிடம் விட்டுப் போகிறாளே! அந்த நேரம் பார்த்துக் கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழும்ப, நான் பிள்ளையை மறந்து அடுப்பைக் குறைக்கும் திருகைத் தேடினேன்.

மேசையின் மறுபக்கத்தில் வீரிட்ட சத்தம். "அப்பா! அப்பா!"

காரில் போன தகப்பனைத் தேடி அழுகிறாள் என்று நினைத்தேன். ஒரு கையைப் பொத்திக்கொண்டு நின்றாள். "அப்பா வாறார், குஞ்சு. இப்ப வந்திடுவார்" என்று தமிழிலேயே சொல்லி, தெருவுக்கு ஓடிவிடுவாளோ என்ற பயத்தில் அந்தப் பொத்திய கையை எட்டிப் பிடித்தேன். அவள் இன்னும் கத்தினாள். நான் இன்னும் இறுக்கினேன்.

தாய் ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டுப் பிள்ளையின் விரல்களை விரித்தாள். உள்ளங்கைக்குக் குறுக்கே இரும்புத் தட்டின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. ஒரு பக்கம் தோல் கழன்றிருந்தது. அது நான் பிடித்த பிடியில் கழன்றது.

கதிரையோடு திரும்பிவந்த என் கணவர்தான் எங்கள் காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். பின்சீற்றில் தாயின் மடியில் பிள்ளை. அவள் கை அமிழ்ந்திருந்த தண்ணீர்ச் சட்டியை நான் பிடித்திருந்தேன். வளைவுகளில் தண்ணீர் தளும்பி என் மடியெல்லாம் நனைந்தது. விரல்கள் மடங்கி அப்படியே நின்றுவிட்டால்? நாளைக்கு ஒரு பென்சில் பிடிக்க முடியாமல் போனால்? "இஞ்சேரும், அழாதையும்" என்று கணவர் முன்னாலிருந்து எனக்குச் சொன்னார். பிள்ளை முனகிக்கொண்டே வந்தது: அப்பா, அப்பா.

"தகப்பனைத்தான் கேட்கிறாள். அவருக்குப் போன் பண்ணட்டுமா?" என்று தாயிடம் கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவரைக் கேட்கவில்லை. நோகுது என்று சொல்கிறாள்."

கொரிய மொழியில் இரண்டும் வேறு வேறு சொற்களாம். அவள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் சொல்லிக் காட்டினாள். என் காதில் இரண்டு தடவையும் ஒரே அப்பாதான் விழுந்தார். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

விரல்களுக்கு ஒன்றுமில்லை, தோல் வளர்ந்துவிடும் என்றார் டாக்டர். பனிக்காலம் தொடங்கமுன் ஆறியும்விட்டது. அடுத்த கோடையிலும் எங்களைக் கூப்பிட்டார்கள். போனேன், ஆனால் அந்தப் பிள்ளையின் கையைத் தொடவில்லை.

பிறகு எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். அவள் "அப்பா" என்று அழுதால் தகப்பன் எழும்பி வருவார். அதற்குள் நான் அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக மெல்ல விரித்துப் பார்த்துவிடுவேன்.