கை வாடை

பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். மூக்குக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். செய்முறைத் தேர்வில், கையில் கிடைத்த உப்பு என்னவென்று தெரியாமல் மாணவிகள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர் மேசையைக் கடந்து போகிற போக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். அழுகின முட்டை நாறினால் சல்பைடு. அம்மோனியமோ, காரம் விட்டுக் குழாய் சூடேறும் முன்பே மூக்குக்கு எட்டிவிடும். வாயைத் திறந்து சொல்லமாட்டார். உங்கள் மூக்குக்குத் தனிச் சம்பளம் போட வேண்டும் என்று ஆசிரியை கேலி செய்வார்.

அந்த ஆண்டு தேர்வு சமயத்தில் வீட்டிலும் அம்மோனியா வாடை வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது, லேசாக. உப்புகளை நிறுத்துப் பொட்டலம் கட்டிய தன் கைதான் என்று நினைத்தார். சோப்பு போட்டுத் தேய்த்தார். எலுமிச்சை மூடியால் தேய்த்தார். சட்டையை வாசலிலேயே கழற்றினார். அவளுக்கு வாயெல்லாம் கசப்பு, சாப்பாடு இறங்கவில்லை. எல்லாம் அவர் கொண்டுவரும் நெடியால்தான் என்றாள்.

"லேப்பையே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுறீங்க. ஒரு நாளாவது மனுஷனா வாங்க."

அவர் தள்ளி உட்கார்ந்துகொள்வார். வாடை குறையும். கை தன்னோடுதானே வந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை.

விடுமுறைக்கு ஆய்வகத்தைப் பூட்டினார்கள். இருபது நாளாக அவர் ஒரு புட்டியைத் தொடவில்லை. ஒரு மத்தியானம், முகம் வீங்கிப் படுத்திருந்தவளைத் தண்ணீர் குடிக்க எழுப்பினார். "ஏங்க" என்றாள். அந்த ஒரு சொல்லோடு வாடை வந்தது. தன் கையை மோந்து பார்த்தார். சோப்பு வாடை மட்டும்.

இரண்டு சிறுநீரகமும் அநேகமாகப் போய்விட்டன, ரத்தத்தில் தங்கும் கழிவுதான் மூச்சில் அப்படி வீசுகிறது என்றார் டாக்டர். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. வீட்டில் யாருக்குமே தெரியவில்லையா என்று கேட்டார்.

"தெரிஞ்சுது சார். என் கைன்னு நெனச்சேன்."

கட்டிலில் கிடந்தவள் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு அந்தக் கையைக் கேட்டு வாங்கி, தோல் உரிந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள்.

"பாவம், இதப் போய் எவ்வளவு திட்டிட்டேன்."