வெள்ளைச் சோறு மஞ்சளானபோது

அறுபதுகளின் நடுப்பகுதி. உருத்திரபுரத்தில் குடியேற்றக் காணி கிடைத்து, நாங்கள் இரண்டாவது போகம் வெட்டிய காலம். சிறுவயதில் வந்த காய்ச்சலால் என் கணவருக்கு இதயம் பழுது. யாழ்ப்பாணத்து டொக்டர் கொடுத்த சின்ன வெள்ளைக் குளிசையின் தயவில்தான் மண்வெட்டி பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை வயிற்றோட்டம் வந்து வாடிப்போயிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர், "சோத்துக்கு மஞ்சள் போட்டனீரோ?" என்றார். பகிடி என்று சிரித்தேன். பிறகு வேட்டியும் மஞ்சள், சுவரும் மஞ்சள் என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அவரின் தாய், என் மாமி, வந்து பார்த்தார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஊரே சொல்லும்போது அவருக்கு வேறு சந்தேகம் வருமா? செங்கண்மாரிதான் என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தார். வயிறு சுத்தமாகட்டும் என்று பேதிக்கும் கொடுத்தார். இதயக் குளிசையை நான் ஒரு நேரமும் தவறவிடவில்லை. அதுதானே உயிர்!

மறுநாள் அவரால் எழும்ப முடியவில்லை. நாடி துடிக்கும், நிற்கும், பிறகு தடுமாறி ஓடும். அது நிற்கும்போதெல்லாம் என் மூச்சும் நின்றது. மாட்டுவண்டியில் ஏற்றிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க, பேசாமல் இருக்காதீர்கள் என்று அவரைக் கெஞ்சிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் நான் சொன்னதைக் கேட்டு, அவர் இமையை விரித்துப் பார்த்தார்.

"செங்கண்மாரி எண்டால் பாக்கிற எங்களுக்குத்தான் நோயாளியின்ரை கண் மஞ்சளாத் தெரியும், பிள்ளை. இவரின்ரை முழி வெள்ளையாக் கிடக்கு. இது குளிசையின்ரை வேலை."

இதயத்தின் ஒவ்வொரு நுண்ணிய உயிர்க்கலமும் சோடியம் என்ற உப்பை வெளியே இறைத்து, பொட்டாசியம் என்ற உப்பை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்குமாம். வாய்க்கால் தண்ணீர்போல அது தானாக ஓடாதாம்; கிணற்றிலிருந்து இறைப்பதுபோல ஓயாமல் பாடுபட வேண்டுமாம். குளிசை அந்த இறைப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தித்தான் இதயத்துக்குப் பலம் கொடுக்கிறதாம். வயிற்றோட்டமும் பேதியும் பொட்டாசியத்தைக் கொண்டுபோய்விட்டதால், அதே குளிசை இறைப்பையே நிறுத்தப் பார்த்திருக்கிறது. அதன் வேகம் இப்படி மிஞ்சினால் கண்ணுக்கும் எல்லாம் மஞ்சளாகத் தெரியுமாம். நோயைத் தீர்க்க நாங்கள் செய்ததெல்லாம் அவரைச் சாவுக்குக் கிட்டக் கொண்டுபோயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, பொட்டாசிய மருந்து கொடுத்தார்கள். நான் கட்டிலடியில் இருந்து, சுவர் என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மஞ்சள், மஞ்சள் என்றே சொன்னார். ஒருநாள் காலை, நான் கேட்கும் முன்பே, "சுவர் வெள்ளைதானப்பா, இனி என்னைக் கேளாதேயும்" என்றார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

இப்போதும் வயல் வரம்பில் நின்று அவர் யாரையாவது ஏசும் சத்தம் கேட்டால், அந்தக் குரல் ஓயாமலிருக்க அவர் நெஞ்சுக்குள்ளே கூலியும் கேட்காமல் இறைத்துக்கொண்டிருப்பவர்களை நினைத்து, மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன்.