சனியின் வளையம் தெரியாத வருஷம்

1995 செப்டம்பரில் ஒரு நாள் பேச்சிமுத்து தன் மொட்டை மாடிக்கு மில் ஆட்களைக் கூட்டி வந்தார். சனியைச் சுற்றியுள்ள வளையத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்.

அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். நாற்பதைத் தாண்டிய தனியாள். ஷிப்டு முடிந்தால் சமையல், சாப்பாடு, ரேடியோ. தொலைநோக்கி செய்யும் விதத்தை ஓர் அறிவியல் பத்திரிகையில் படித்த பிறகு ரேடியோ நின்றுபோனது. முன்பக்க லென்ஸை ஸ்ரீவில்லிபுத்தூர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வாங்கினார். கண் வைக்கும் பக்கத்துக்கு, நூலைச் சோதிக்க மில்லில் வைத்திருந்து கழித்துப்போட்ட உருப்பெருக்கி. நடுவில் பிளாஸ்டிக் குழாய்.

நிலாவின் பள்ளங்கள் தெரிந்தன. வியாழனின் நான்கு நிலாக்களும் தெரிந்தன. சனியை மட்டும், எல்லோரோடும் சேர்ந்துதான் முதலில் பார்க்க வேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்.

முதலில் கண் வைத்தவர் ரத்தினம். பேச்சிமுத்துவுக்கு இருந்த ஒரே சிநேகிதர்.

“எங்கலே வளையம்? பட்டாணி கணக்கா ஒண்ணுதான் நிக்கி.”

“நல்லாப் பாரு மாப்ளே.”

“பாத்துட்டேன். வளையத்தை அடகு வச்சுட்டான் போல!”

சிரித்தபடி எல்லோரும் இறங்கிப் போனார்கள். மறுநாள் முதல் மில்லில் அவர் பெயரே வளையம். “ஏலே, வளையம் வருதான்!”

தப்பு லென்ஸில்தான் என்று நினைத்தார். கழற்றி மாட்டினார், வேறு வாங்கினார். அதே பட்டாணிதான். கேட்பதற்கு ஆள் இல்லை. சனியின் வளையம் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை போல விளிம்பை நமக்குக் காட்டித் திரும்பி நிற்கும். சின்னத் தொலைநோக்கியில் அப்போது அது தெரியாது. அந்த வருஷம் அப்படிப்பட்டது. பத்திரிகையில் இதைப் போடவில்லை. குழாய் கதவுக்குப் பின்னால் போனது.

1997 அக்டோபரில், கரண்ட் போன ஒரு முன்னிரவில், செய்ய ஒன்றுமில்லாமல் அதை மாடிக்கு எடுத்துப் போனார். வளையம் இருந்தது. தட்டின் நடுவே வைத்த உருண்டை மாதிரி.

செருப்புகூடப் போடாமல் ரத்தினத்தின் வீட்டுக்கு ஓடினார்.

“இருக்கு மாப்ளே! வந்து பாரு.”

ரத்தினம் எழுந்திருக்கவில்லை. “இருந்துட்டுப் போகட்டும். நான் வரலை. அன்னைக்கு ஒன் குழாய்ல சனிய நேருக்கு நேர் பாத்தேன்லா? பொறவு எம்புட்டுப் பட்டுட்டேன். கால் ஒடிஞ்சுது. மக சம்பந்தம் தட்டிப் போச்சு. கோயில்லயே அவருக்கு நேரா நிக்க மாட்டாக. நாமதான் கொழுப்பெடுத்துப் பாத்தோம்.”

“நான் தெனமும் பாத்தேனே. எனக்கு என்ன ஆச்சு?”

“ஒனக்கு என்னலே இருக்கு, போறதுக்கு?”

ரத்தினத்தின் மனைவி வெள்ளைத்தாய் குறுக்கே வந்தார். “அண்ணே, நெலாவக் காட்டுதியளா? பிள்ளைகளும் பாக்கட்டும்.”

குடும்பமே வந்தது. பிள்ளைகள் முண்டியடித்தார்கள். ரத்தினமும் கம்பு ஊன்றி ஏறி வந்து, “எம்மாடி, எம்புட்டுக் குழி!” என்று வாய்விட்டுச் சொன்னார். குழாய் ஆடாமல் பேச்சிமுத்து பிடித்துக்கொண்டிருந்தார். சனி கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. அந்தப் பக்கம் அவர் திருப்பவில்லை.

அவர்கள் போன பிறகு திருப்பினார்.

“இந்தா, தெரியுதுல்லா?” என்று ஆளில்லாத மாடியில் சத்தமாகவே கேட்டார்.