மெத்தையில் முடிந்த ஓட்டம்

வெள்ளி, பிற்பகல் இரண்டு மணி. மொன்றியல் விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் முதலில் மூக்கு விறைத்தது. மைனஸ் பதினெட்டு. மன்னாரில் விசிறி போட்டுத் தூங்கிவிட்டுப் புறப்பட்டவள் நான். வயது முப்பத்துமூன்று. இலங்கைக்காகப் பல நாடுகளில் ஓடியாயிற்று. எல்லா இடத்திலும் முதல் சுற்றோடு மூட்டை கட்டியாயிற்று. நாளைய அறுபது மீற்றர்தான் என் கடைசி ஓட்டம். அடுத்த மாதம் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை ஆகிவிடுவேன்.

பேசாலையில் எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த யூட் அண்ணை காத்திருந்தார். இங்கே துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறார்.

"பிள்ளை, இந்த ஜக்கெட்டோடயே வந்தனி? இது எங்கட ஊர்க் குளிருக்குத்தான் காணும்."

"எங்கட ஊரில ஏதண்ணை குளிர்?"

"அதைத்தான் சொல்லுறன்."

நான்கு மணிக்குப் போட்டி நடக்கும் உள்ளரங்கில், மார்பில் குத்தும் இலக்கத் துணி வாங்கப் போனோம். அலுவலர் என் சப்பாத்தைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஆணிகளை அளந்து, தலையை ஆட்டினார். உள்ளரங்கில் ஆணி ஆறு மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாதாம். என்னுடையவை ஒன்பது, ஊரில் கிறவல் மண் மைதானத்தைக் கவ்வ அவ்வளவு வேண்டும். கூரைக்குக் கீழே நான் ஓடியதே இல்லை என்பதால் விதியைப் படிக்கவும் தோன்றவில்லை. மாற்றாவிட்டால் ஓட முடியாது. இத்தனை தூரம் பறந்து வந்து பார்வையாளர் வரிசையில் உட்காருவதா?

"லவாலில ஒரு கடை இருக்கு. ஏறு" என்றார் அண்ணை.

ஆற்றைக் கடந்து வடக்கே முக்கால் மணி நேரம், பனிச்சேற்றில். அண்ணை 'பொன்ஜூர்' என்று தொடங்கி, பிரெஞ்சிலும் விரல்களாலும் கடைக்காரப் பெண்ணுக்கு விளக்கினார். ஆணிப் பொட்டலம் பதினான்கு டொலர்.

ஏழு மணிக்குப் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அண்ணையின் வீடு. பழைய ஆணிகள் கழன்று வந்தன, இடது சப்பாத்தின் முன்னாணியைத் தவிர. பேசாலைக் கடற்காற்று அதைத் துருவால் ஒட்டியிருந்தது.

"அந்தோனியாரே!" என்று கைகூப்பினார் அண்ணையின் மனைவி ரெஜினா அக்கா.

"அவர் காணாமல்போனதைத்தான் கண்டுபிடிப்பார். துருவுக்கு எண்ணெய்தான்" என்று அண்ணை இரண்டு சொட்டு விட்டார். பிட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டு முடிக்கும்வரை சப்பாத்து மேசையோரம் ஊறிக்கிடந்தது. ஒரு வாய்க்கு ஒருமுறை அதைத்தான் பார்த்தேன். பிறகு அக்கா சப்பாத்தை இறுக்கிப் பிடிக்க, அண்ணை குறட்டால் திருகினார். கிறீச்சிட்டபடி ஆணி அசைந்து கழன்றது. நான் அக்காவைக் கட்டிப்பிடித்தேன்.

சனி, காலை பதினொரு மணி. கோட்டில் குனிந்தபோது, "சுகந்தி! ஓடடி பிள்ளை!" என்று ஒரு குரல். அக்கா இங்குள்ள தேவாலயப் பங்கிலிருந்து பத்துப் பேரையாவது திரட்டி வந்திருந்தார். வெளிநாட்டு மைதானம் எதிலும் என் பெயரை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. அறிவிப்பாளர்கள்கூட அதைக் கடித்துத் துப்பித்தான் சொல்வார்கள்.

எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தேன். வழக்கம்போல முதல் சுற்றோடு சரி.

திறந்த மைதானத்தில் கோட்டைத் தாண்டினால் வளைவு இருக்கும். மெல்ல வேகம் குறைத்து, தனியே நடந்து திரும்பி, பையை எடுத்துக்கொண்டு போகலாம். இத்தனை வருடமும் அப்படித்தான் போனேன். இங்கே வளைவு இல்லை. எதிரே சுவர், சுவரில் தடித்த மெத்தை. ஓடிய வேகத்தில் அதில் போய் மோதினேன். முகத்தைப் புதைத்து அழுதேன், சிரித்தேன்.

ஞாயிறு மாலை விமான நிலையத்தில் யூட் அண்ணை கேட்டார்: "ஆறாவதெண்டு கவலையோ?"

"இல்லையண்ணை. முந்தியெல்லாம் தோத்தால் நானே மெல்ல மெல்ல நிண்டுகொள்ளுவன். இந்த முறை என்னைப் பிடிக்க அந்த மெத்தையோட நீங்களெல்லாம் இருந்தனீங்கள்."