ஸ்பேனருக்கு ஈடாக இருந்த நாள்

அது காணும் பொங்கலன்று நடந்தது. இதில் எனக்கு ஐயமில்லை. ஆண்டைப் பற்றித்தான் தம்பிக்கும் எனக்கும் இன்றுவரை வழக்கு. அவன் எழுபத்தெட்டு என்கிறான். அப்போது அவனுக்கு நான்கு வயது, ஆகவே அவன் சாட்சியம் செல்லாது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். எனவே எழுபத்தொன்பது.

அதற்கு முந்தைய ஐப்பசி வரை அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் ஜீப் ஓட்டினார். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஒருநாள் வேலையாட்கள் எல்லோரும் பார்க்க, அங்கே மேனேஜராக இருந்தவர் அப்பாவை ‘டேய்’ என்று கூப்பிட்டார். அப்பா வண்டிச் சாவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு மாதனூரில் எங்கள் வீடு வரை நடந்தே வந்தார். “ஒரு மாசத்துல திரும்பி வந்து ஷாப்பு கேட்டாண்ட நிப்பான்” என்று மேனேஜர் சொன்ன செய்தி, பஸ்ஸில் வந்ததால் அப்பாவுக்கு முன்பே வீடு சேர்ந்துவிட்டது.

அப்பா போய் நிற்கவில்லை. ராணுவம் கழித்துப்போட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்துவந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மலைக் கிராமங்களுக்கு ரேஷன் அரிசி ஏற்றும் வேலையும் பேசிவிட்டார். காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை முதல் நடை. அன்று வண்டி வராவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும்.

வண்டியின் முன் சக்கரங்களோ, சாராயக்கடையிலிருந்து திரும்புகிறவன் கால்களைப் போல ஆடின. மலை ஏற்றத்தில் முன் சக்கரம் இழுக்காத ஜீப் வெறும் தகரம். முன் ஆக்ஸிலை முழுக்கப் பிரித்துப் பேரிங்குகளை மாற்றுவது என்று அப்பா முடிவு செய்தார். பேரிங்குகள் வேலூரிலிருந்து வந்தன. எண்ணெய் கசியாமல் காக்கும் வளையங்களை எருமைத்தோலில் தாமே வெட்டிக்கொண்டார்.

தடுத்தது ஒரு நட்டு. ஹப்பு எனப்படும் சக்கரக் குடத்துக்குள் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் மெல்லிய நட்டு அது. சாதாரண ஸ்பேனர் எட்டாது. குழாய் போல நீண்ட பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். அது இல்லாதவர்கள் உளியை வைத்துச் சுத்தியால் தட்டித் திருப்புவார்கள். எங்கள் பக்கத்து ஜீப்புகளில் பாதிக்கு அந்த நட்டு எலி கடித்ததுபோல் இருக்கும். எதிர்வீட்டுக்காரர்கூட உளியைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். “நட்டுல உளி வெக்கறதும் பூட்ட ஒடைக்கறதும் ஒண்ணு” என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பினார்.

நாங்கள் அறிந்தவரை ஆம்பூரில் அந்த ஸ்பேனர் ஒருவரிடம்தான் இருந்தது. ஷாப்பு வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் பாய். போகியன்று அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்தார். “காணும் பொங்கலன்னிக்கிக் காலைல தரேன்னாரு. பொண்ணையும் கூட்டினு வரச் சொன்னாரு” என்றார். பண்டிகைக் காசு தரத்தான் என்று நான் நினைத்தேன். புதுப் பாவாடையோடு சைக்கிளில் ஏறிக்கொண்டேன்.

பாய் ஸ்பேனரை எண்ணெய்த் துணியால் துடைத்து அப்பாவிடம் கொடுத்தார். பிறகு என்னைக் காட்டினார்.

“ஸ்பேனர் போவட்டும். பாப்பா இங்க இருக்கட்டும். பொழுது சாயற மக்ரிப் தொழுகைக்குள்ள அது வந்தா இது போவும்.”

“இன்னா பாய், அடமானமா?”

“அப்படியே வெச்சுக்க.”

அப்பா ஒரு கணம் பாயின் முகத்தையே பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பித்தளை அண்டாவை வைக்கவேண்டிய இடத்தில் என்னை வைத்துவிட்டுப் போகிறாரே! பாய் வீட்டிலிருந்து வந்த சேமியாவைப் பதினொரு மணிவரை தொடவில்லை. பிறகு பாதி தின்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு ஷாப்பு ஜீப் வந்து நின்றது. வேறு வேலை இல்லாததால் அன்று முழுவதும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நேரம் சரிதான். இறங்கியவர் அந்த மேனேஜர்.

“பாய், அந்த ஹப்பு ஸ்பேனர எடு.”

“வெளிய போயிருக்கு சார்.”

“யாருகிட்ட?”

மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்பாவின் மூக்கு.

“ஓஹோ. அவனுக்கா? குடுக்காதன்னு சொல்லி அனுப்பினேனே?”

“வாக்கு குடுத்துட்டேன் சார். கொழந்தைய வேற வாங்கி வெச்சுக்கினு இருக்கேன். மக்ரிப் வரைக்கும் கேக்க முடியாது.”

“அவ்ளோதானே? கொழந்தைய நானே கொண்டுபோயி விட்டுட்டு ஸ்பேனர வாங்கினு வந்துடறேன். பேஜார் முடிஞ்சுது. வா பாப்பா, ஜீப்புல ஏறு.”

அந்நேரம் எங்கள் வீட்டு வாசலில் ஆக்ஸில் துண்டு துண்டாகக் கோணிமேல் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். நட்டைக் கழற்றிய ஸ்பேனரால்தான் அதைத் திரும்ப மாட்டவும் வேண்டும். அது போனால், விடியும்போது ஜீப் கட்டைகள்மேல் நிற்கும். அப்பா கேட்டாண்டை நிற்பார்.

பட்டறை மூலையில் இஞ்சின் கழற்றிய லாரி ஒன்று இருந்தது. ஓடிப்போய் அதன் முன்னறைக்குள் ஏறி இரண்டு கதவுகளையும் உள்ளே பூட்டிக்கொண்டேன். கண்ணாடிகளை ஏற்றினேன். ஒன்று பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பாதி வழியாக மேனேஜர் எட்டிப் பார்த்தார். “எறங்கு.”

“மாட்டேன். நான் அடமானம்.”

காலையில் அவமானமாக இருந்த சொல், அதற்குள் ஒரு பதவியைப் போல என் வாயில் வந்தது.

“திமிரப் பாரு. அப்படியே அப்பன் மாதிரி.”

“ஆமா சார்” என்றேன்.

அவர் பாயின் பக்கம் திரும்பினார். “எறக்குயா அவள!”

பாய் கிரீஸ் அப்பிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “புதுப் பாவாடை சார், இந்தக் கையால எப்படித் தொடறது? அடமானமே எறங்க மாட்டேங்குது, நான் இன்னா பண்ணுவேன்?”

“இனிமே ஷாப்பு வண்டி ஒண்ணுகூட ஒன் வாசல்ல நிக்காது.”

“உங்க இஷ்டம் சார்.”

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. “எறங்கு பேட்டி, டீ வந்துடுச்சு” என்றார் பாய்; பேட்டி என்றால் உருதுவில் மகள். நான் யாரையும் நம்புவதாக இல்லை. “மக்ரிப் ஆவட்டும்” என்று உள்ளேயே இருந்தேன்.

மசூதியில் மக்ரிப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன்னால் அப்பா வந்தார், ஜீப்பையே ஓட்டிக்கொண்டு. முழங்கை வரை கிரீஸ். முன் சக்கரங்கள் ஆடாமல் நேராக நின்றன. ஸ்பேனரைத் துடைத்துக் கொடுத்தார்.

“நட்டு எப்படி?” என்றார் பாய்.

“ஒரு மூலைகூட மழுங்கல பாய்.”

மறுநாள் விடியற்காலை அரிசி மூட்டைகளோடு ஜீப் மலை ஏறியது. நான் பள்ளி திறந்ததும் கதையைச் சொன்னேன். என் கதையில் மேனேஜர், பாய் இருவரும் எதிரிகள். இருவரையும் தனியாளாக நான் தோற்கடித்தேன். பல ஆண்டுகள் அதை அப்படியேதான் சொல்லிவந்தேன். எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் அப்பாதான் குறுக்கே புகுந்து, “பாய் அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் யாருகிட்டயும் அடமானம் கேட்டதில்ல. ஷாப்புக்காரனுக்கு இல்லன்னு சொல்ல அவருக்கு ஒரு சாக்கு வேணும். அதான் ஒன்ன கேட்டாரு” என்றார்.

நான் அடமானமாக இருந்த அந்த ஆண்டு கோடையில் அப்பாவோடு ஜீப்பில் ஆம்பூருக்குப் போகும்போதெல்லாம் பட்டறையைப் பார்ப்பேன். ஒரு வண்டியும் இருக்காது. பாய் தகரக் கூரையடியில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். எங்களைக் கண்டால் கையை உயர்த்துவார். அப்பா வண்டியை நிறுத்தி இறங்கிப்போய் அவரிடம் வெகுநேரம் பேசுவார். நான் ஜீப்பில் உட்கார்ந்தபடி, இப்போதெல்லாம் ஷாப்புக்காரர்கள் வண்டிகளை நன்றாக வைத்துக்கொள்கிறார்கள் போலும், பாவம் பாய்க்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பேன்.